லா பாஸுக்கு இன்னும் எழுபது கிலோமீற்றர்

1996 ஜூலை மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை, பிற்பகல் இரண்டு மணி. டோர்ட்மண்டில் நான் எட்டு ஆண்டுகள் படிப்பித்த மாலைப் பள்ளியின் கதவுத் திறப்பை அதிபர் அம்மையாரின் மேசையில் வைத்தேன். அவர் எழுந்து கைகொடுத்தார். எல்லோரும் என்னை எவ்வளவு மதித்தார்கள் என்று சொல்லி ஒரு பூந்தொட்டியைத் தந்தார். வீட்டுக்குப் போகும் டிராமில் அந்தப் பூந்தொட்டியை இருக்கையிலேயே விட்டுவிட்டு இறங்கினேன். மறந்துபோய் அல்ல.

இது அந்தீஸ் மலைப் பயணத்தைப் பற்றிய கட்டுரை. ஆனாலும் எந்த மனநிலையில் அங்கே போனேன் என்பதைச் சொல்லாவிட்டால், அங்கே நான் செய்த காரியம் வாசிப்பவர்களுக்கு விளங்காது.

யாழ்ப்பாணத்தில் நான் ஒன்பது ஆண்டுகள் புவியியல் ஆசிரியை. எண்பத்தைந்தில் ஜேர்மனிக்கு அகதியாக வந்தேன். என் பட்டம் இங்கே செல்லாது என்றார்கள். மொழியைப் படித்து, புதிதாக வந்த அகதிகளுக்கு ஜேர்மன் மொழியும் புவியியலும் சொல்லிக்கொடுக்கும் வேலையை ஒரு சிறிய தனியார் பள்ளியில் பெற்றேன். ஆறு மாதத்துக்கு ஓர் ஒப்பந்தம். எட்டு ஆண்டுகளில் பதினாறு தடவை கையெழுத்து வைத்தேன். கடைசியில் ஒரு நிரந்தர இடம் வந்தபோது விண்ணப்பித்தேன். அது இருபத்தாறு வயதுப் பெண் ஒருவருக்குப் போயிற்று. அவர் நல்லவர். பள்ளிக்கு வந்த முதல் ஆண்டு முழுவதும் என் பாடக்குறிப்புகளை இரவல் வாங்கித்தான் வகுப்பு நடத்தினார். காரணம் கேட்டபோது அதிபர் மிகவும் கனிவாகச் சொன்னார்: மாணவர்கள் சரியான உச்சரிப்பைக் கேட்டுப் பழக வேண்டும் அல்லவா? எட்டு ஆண்டுகளாக அவர்கள் என் உச்சரிப்பைத்தான் கேட்டார்கள். அப்போதெல்லாம் அது யாருடைய காதுக்கும் உறைக்கவில்லை.

பாண் சுடும் தொழிற்சாலையில் வேலை செய்யும் என் அண்ணைக்கு நான் வேலையை விட்டதைவிடப் பயணம் போவதுதான் பெரிய கவலை.

"நாப்பத்து மூண்டு வயசில தனியப் போறன் எண்டு நிக்கிறாய். உனக்கென்ன விசரே?"

"ஒன்பது வருஷம் கரும்பலகையில அந்தீஸைக் கீறினனான் அண்ணை. ஒருக்கா நேரில பாக்க வேண்டாமே?"

"கோவத்தில வெளிக்கிட்டால் வழி பிழைக்கும்."

"கோவம் இல்லாட்டி நான் வெளிக்கிடவே மாட்டன்."

விசாவுக்காக, தூதரகங்கள் இருந்த பான் நகருக்கு மூன்று தடவை போய்வந்தேன். என்னிடம் இருந்தது கடவுச்சீட்டு அல்ல. அகதிகளுக்கு ஜேர்மனி கொடுக்கும் நீலநிறப் பயணப் பத்திரம். அட்டையின் மூலையில் இரண்டு கறுப்புக் கோடுகள் இருக்கும். அந்த இரண்டு கோடுகளும் எல்லைகளில் என்ன பாடு படுத்தும் என்பதை, அவற்றை வைத்திருந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

பெரு நாட்டின் லீமாவில் இறங்கி இரண்டு நாள் தங்கினேன். அங்கிருந்து கடலோரப் பாலைவனத்தின் ஊடாக அரெகிப்பாவுக்கு ஆயிரம் கிலோமீற்றர், பதினாறு மணித்தியாலம், கட்டணம் முப்பத்தைந்து சோல். அரெகிப்பாவிலிருந்து தித்திகாகா ஏரிக்கரையில் உள்ள பூனோவுக்கு ஒரு பகல் முழுவதும் பஸ். தார் இல்லாத சரளைப் பாதை. நாலாயிரத்து நானூறு மீற்றர் உயரத்தில் ஒரு கணவாயைக் கடந்தபோது என் தலை இரண்டாகப் பிளந்துவிடும் போல இருந்தது. பக்கத்தில் இருந்தவர் கொக்கா இலை ஒரு பிடி தந்து, கன்னத்துக்குள் அடக்கி வைத்திருக்கச் சொன்னார். கசந்தது. வலி குறைந்தது.

அங்கே விரியும் மேட்டுநிலத்தை நான் மாணவர்களுக்குச் "சமவெளி" என்று சொல்லிக்கொடுத்திருந்தேன். பாடப்புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. மஞ்சள் புல், அதன்மேல் நிழலே இல்லாத வெளிச்சம், தூரத்தில் வெள்ளைச் சிகரங்கள், இடையிடையே மண்வீடுகள், அவற்றின் முன்னால் உருளைக்கிழங்கை உறைபனியில் காயவிட்டு மிதிக்கும் மனிதர்கள். அந்த மனிதர்களைப் பற்றி எங்கள் பாடப்புத்தகத்தில் ஒரு வரி இருந்தது. "பழங்குடிகள் மந்தை மேய்ப்பர்." அதையும் நான்தான் எழுதிப்போட்டேன், பிள்ளைகள் பார்த்து எழுதினார்கள். இப்போது நினைக்கும்போது கூச்சமாக இருக்கிறது.

பெருவிலிருந்து பொலிவியாவுக்குள் போகும் எல்லைச் சாவடியில் என்னை மட்டும் இரண்டு மணித்தியாலம் நிற்கவைத்தார்கள். எந்தச் சாவடி என்று எழுதவில்லை. ஒரு மனிதருடைய குணத்துக்காக ஓர் ஊரைக் குற்றம் சொல்ல விருப்பமில்லை. அங்கிருந்த அதிகாரி என் நீலப் பத்திரத்தைத் தலைகீழாகப் பிடித்து வாசித்தார்.

"ஜேர்மனி தந்தது. ஆனால் நீங்கள் ஜேர்மன்காரி இல்லை. பிறந்தது இலங்கை. ஆனால் இலங்கைக் கடவுச்சீட்டு இல்லை. அப்ப நீங்கள் ஆர்?"

"ரீச்சர்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. அப்போது நான் அதுவும் இல்லை.

இனி அந்தக் காரியம் நடந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன்.

காலை ஆறு மணிக்கு ஏரிக்கரைப் பட்டினமான கொப்பகபானாவிலிருந்து லா பாஸுக்குப் பஸ் புறப்பட்டது. நூற்றைம்பத்தைந்து கிலோமீற்றர். ரிக்கெற் பதினைந்து பொலிவியானோ, எங்கள் காசில் நாலரை மார்க். எனக்குப் பன்னிரண்டாம் இலக்க இருக்கை. பக்கத்தில் யன்னலோரம், பதினொன்றில், ஐமாரா என்ற பழங்குடி இனப் பெண் ஒருவர். முப்பத்தைந்து வயது இருக்கும். வட்டத் தொப்பி, இரட்டைப் பின்னல், அடுக்கடுக்கான பாவாடை. காலடியில் கோடு போட்ட துணியில் கட்டிய பெரிய மூட்டை. சால்வைக்குள் எதையோ மார்போடு அணைத்து வைத்திருந்தார். நான் பிஸ்கற்றை நீட்டினேன். ஒன்றை எடுத்துத் தலையசைத்தார். சந்தைக்குப் போகிற ஏழைப் பெண் என்று நான் தீர்மானித்துக்கொண்டேன். மூட்டையைப் பார்த்துத் தீர்மானித்தது.

ஏழேகால் மணிக்குத் திக்கினா நீரிணை. இந்த இடத்தில் ஏரி ஒடுங்கி எண்ணூறு மீற்றர் அகலமாகிறது. பாலம் கிடையாது. பயணிகள் இறங்கிச் சிறு படகில் கடக்க வேண்டும். பஸ் தனியாக ஒரு மரத் தெப்பத்தில் ஆடி ஆடி வரும். அக்கரையில் எல்லோரும் மறுபடி ஏறியபோது புதிதாக ஐந்து பேர் நின்றார்கள். ஜேர்மன்காரர். அவர்களுடைய வாடகை வண்டி பழுதாகிவிட்டதாம். பஸ்ஸில் இடமில்லை.

கொண்டக்டர் உள்ளே வந்தார். ஐந்து பேரைத் தெரிந்தெடுத்தார். ஐந்து பேரும் ஐமாராக்காரர்.

"எழும்பணை. கீழ இருக்கலாம்" என்றார் என் பக்கத்தில் இருந்தவரிடம்.

அவர்கள் ஸ்பானிஷில் பேசியதை எனக்கு வரும் தமிழில் தருகிறேன். அந்தக் கொண்டக்டரின் தொனிக்கு இதுதான் பொருத்தம்.

ஐவரும் எழுந்தார்கள். பக்கத்துப் பெண் தன் மூட்டையை நடைபாதையில் வைத்து அதன்மேல் இருந்துகொண்டார். என்னை எழுப்பவில்லை. என் நிறமும் அவருடைய நிறமும் ஒன்றுதான். கொண்டக்டர் என் மழைச்சட்டையையும் சப்பாத்தையும் பார்த்துவிட்டு நகர்ந்ததை நான் கண்டேன். டோர்ட்மண்டில் மலிவுவிற்பனையில் வாங்கிய மழைச்சட்டை அது.

ஐம்பது வயதுள்ள ஒரு ஜேர்மன்காரர் பதினொன்றில் வந்தமர்ந்து, முழங்காலில் பையை வைத்து, என்னைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தார். அந்தச் சிரிப்போடு எனக்கு எல்லாம் கிளம்பிவிட்டது.

"அவ ரிக்கெற் எடுத்தவ. பதினோராம் நம்பர் அவவின்ர" என்று கொண்டக்டரிடம் சொன்னேன். ஓராண்டு மாலை வகுப்பில் படித்த ஸ்பானிஷ்.

"அவைக்கு இது பழக்கம், சேனியோரா."

சேனியோரா என்றால் அம்மையார் என்று பொருள். நான் பக்கத்தில் இருந்தவரிடம் திரும்பி ஜேர்மன் மொழியில் கேட்டேன். "அந்தப் பெண்ணின் இருக்கையில் இருக்கிறீர்கள். தெரியுமா?"

அவர் திடுக்கிட்டார். இருக்கையைப் பற்றி அல்ல, நான் ஜேர்மன் பேசியதைப் பற்றி. "நீங்கள் மிக நன்றாக ஜேர்மன் பேசுகிறீர்கள்" என்றார்.

"நான் அதைக் கேட்கவில்லை."

"பாருங்கள், நாங்கள் இந்த நாட்டில் விருந்தாளிகள். இங்கத்தைய வழக்கங்களில் தலையிடக்கூடாது என்பது என் கொள்கை."

"எழுந்து நிற்பது தலையிடுவதா?"

"நானும் பணம் கொடுத்துத்தான் ஏறினேன்."

பின்வரிசையில் அவர்களோடு வந்த இளம்பெண் ஒருத்தி பாதி எழுந்தாள். யாரும் ஒன்றும் சொல்லாததால் மறுபடி உட்கார்ந்துகொண்டாள். நான் எழுந்தேன். என் இருக்கையை அந்த ஐமாராப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டு நானே தரையில் இருந்திருக்கலாம். அது அப்போது எனக்குத் தோன்றவேயில்லை என்பதையும் எழுதிவிட வேண்டும். நான் நடைபாதையில் நின்று ஸ்பானிஷ், ஜேர்மன், தமிழ் என்று மூன்று மொழிகளிலும் சத்தம் போட்டேன். எட்டு ஆண்டுகளாக அதிபரின் அறையில் பேசாத எல்லாவற்றையும் அந்த பஸ்ஸில் பேசினேன். ஊவரினா என்ற ஊரைத் தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் சாரதி பஸ்ஸை ஓரங்கட்டினார். சத்தம் போடுகிறவர் இறங்கட்டும் என்றார்.

"இறங்கமாட்டன். இவவுக்கு முதல் இடத்தைக் குடுங்கோ."

கொண்டக்டர் கேட்டார்: "இவ உங்களோட வந்தவவோ?"

"ஓம். என்னோடதான்."

அவரைக் காப்பாற்றுவதாக நினைத்துச் சொன்னேன். வெளிநாட்டுக்காரி ஒருத்தியின் துணை என்று தெரிந்தால் கை வைக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். கீழே இருந்த பெண் ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை, நான் என் குரலைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். கொண்டக்டர் என் பையை வெளியே போட்டார். பிறகு அந்தப் பெண்ணின் மூட்டையையும் போட்டார். மூட்டை போன பிறகு அவர் என்ன செய்வார், இறங்கினார். நானும் இறங்கினேன். பஸ் போய்விட்டது.

எட்டே முக்கால் மணி. கடல் மட்டத்திலிருந்து மூவாயிரத்து எண்ணூறு மீற்றர். வெயில் சுட்டது, காற்று விறைக்க வைத்தது. சாலையோரக் கல்லில் லா பாஸ் எழுபது என்று எழுதியிருந்தது. நான் இன்னும் கொதித்துக்கொண்டிருந்தேன். மூச்சு வாங்க, எவ்வளவு அநியாயம் பாருங்கள் என்று அவரிடம் சொன்னேன். அவர் மூட்டையைத் தட்டித் தூசியை உதறினார். சால்வைக்குள்ளிருந்து பிளாஸ்டிக் உறையிட்ட கோப்பு ஒன்றை எடுத்து, உள்ளே கடதாசிகள் மடங்கவில்லை என்று பார்த்தார். அதன் பிறகுதான் என்னைப் பார்த்தார்.

"நான் உங்களைக் கேட்டனானோ?"

எனக்கு விளங்கவில்லை.

"எனக்காகக் கதையுங்கோ எண்டு நான் உங்களைக் கேட்டனானோ? அவன் கேக்கேக்கை இல்லை எண்டு சொன்னனான். நீங்கள் ஓம் எண்டியள்."

அவர் பெயர் ஹுஸ்தினா. சந்தைக்குப் போகிறவர் அல்ல, ஆசிரியை. பயிற்சிச் சான்றிதழ் இல்லாததால் தற்காலிக ஆசிரியை. நான்கு ஆண்டுகளாக ஒவ்வொரு பள்ளியிலும் சில மாதங்கள் வேலை செய்து, மறுபடி பட்டியலில் காத்திருப்பவர். அங்கே ஜூலையில் வரும் குளிர்கால விடுமுறை முடிந்து வெற்றிடங்களை நிரப்புகிறார்கள். அவருடைய ஊரிலிருந்து அரை மணி நடையில் ஒரு பள்ளியில் இடம் வந்திருக்கிறது. லா பாஸில் ஓர் அலுவலகத்தில் அன்று பதினொரு மணிக்குப் பெயர் கூப்பிடுவார்கள். கூப்பிடும்போது நேரில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த பெயர். வீட்டில் ஆறு வயது மகள்.

"நிலத்தில இருந்து போயிருப்பன்" என்றார். "பத்தேகாலுக்குப் போய்ச் சேந்திருப்பன். எத்தினை தரம் நிலத்தில இருந்து போயிருக்கிறன் தெரியுமோ?"

"அது அநியாயமெல்லோ" என்றேன்.

"அநியாயம்தான். எனக்குத் தெரியாதோ? இண்டைக்கு எனக்கு வேற வேலை இருந்தது."

அவர் சாலைப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒன்பது ஐம்பது வரை நான்கு வாகனங்கள் போயின, ஒன்றும் நிற்கவில்லை. நான் கையை ஆட்டிக்கொண்டு சாலையின் நடுவில் ஓடினேன். அந்த உயரத்தில் இருபது அடி ஓடினாலே நெஞ்சு அடைத்துவிடும். கடைசியில் வெங்காய லொறி ஒன்று நின்றது. லொறிக்காரரோடு ஐமாரா மொழியில் பேசியவர் ஹுஸ்தினா. லொறி எல் ஆல்ட்டோ வரைதான் போகும் என்றார். லா பாஸ் நகரம் ஒரு பெரும் பள்ளத்துக்குள் கிடக்கிறது. அந்தப் பள்ளத்தின் விளிம்பில் நாலாயிரத்து நூறு மீற்றர் உயரத்தில் இருப்பது எல் ஆல்ட்டோ. வெங்காய மூட்டைகளின் மேல் ஏறிக்கொண்டோம்.

வழியெல்லாம் இடதுபுறம் நான் பிறந்ததிலிருந்து பார்க்க ஆசைப்பட்ட மலைகள் நின்றன. இல்யாம்பு, வைனா பொட்டோசி. கரும்பலகையில் சொக்கட்டியால் எத்தனை தடவை கீறியிருப்பேன். அன்றைக்கு நான் பார்த்தது என் கைக்கடிகாரத்தை.

பதினொன்றரைக்கு எல் ஆல்ட்டோ. வியாழக்கிழமை அங்கே சந்தை நாள். பழைய உடுப்பு, கார்க் கதவு, கன்றுக்குட்டி, கட்டில் என்று தெருவெல்லாம் கடை. லொறி அசையவில்லை. இறங்கி நடந்தோம். ஹுஸ்தினா மூட்டையோடு முன்னால் நடந்தார். நான் பின்னால் இழுபட்டேன். ஒருமுறை திரும்பி, நான் வருகிறேனா என்று பார்த்து நின்றார். அதை இன்றுவரை மறக்கவில்லை. சிற்றுந்து ஒன்றைப் பிடித்துப் பள்ளத்துக்குள் இறங்கி அந்த அலுவலகத்தை அடைந்தபோது பன்னிரண்டே கால். கதவு பூட்டியிருந்தது. பிற்பகல் இரண்டரைக்குத் திறக்கும்.

படியில் காத்திருந்தோம். திறந்ததும் நான் உள்ளே போய் விளக்கம் சொல்லத் தயாரானேன்.

"நீங்கள் வெளியில நில்லுங்கோ" என்றார் ஹுஸ்தினா. நின்றேன்.

இருபது நிமிடத்தில் வெளியே வந்தார். பக்கத்துப் பள்ளி அடுத்த பெயருக்குப் போய்விட்டது. வேறொன்று கொடுத்தார்கள். மலைத்தொடருக்கு அப்பால், பஸ்ஸில் ஆறு மணித்தியாலம், பிறகு அரை நாள் நடை. கையெழுத்துப் போட்டுவிட்டார். மகளைத் தங்கையிடம் விடுவாராம்.

மன்னிப்புக் கேட்டேன். ஸ்பானிஷில் அதற்கான சொற்களை வகுப்பில் முதல் வாரமே படித்திருந்தேன். காலில் மிதித்துவிட்டால் சொல்லும் சொற்கள். வேறு சொல் எனக்குத் தெரியவில்லை. அவர் கேட்டுக்கொண்டார். என் முகவரியை ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தேன். அதைக் கோப்புக்குள் வைத்தார்.

"உங்கட ஊரில என்ன வேலை?" என்று முதல் தடவையாகக் கேட்டார்.

"நானும் ரீச்சர்தான். எட்டு வருஷம். தற்காலிகம்."

அவர் என்னை நெடுநேரம் பார்த்தார். மூட்டையை முதுகில் ஏற்றி முடிச்சை இறுக்கிக்கொண்டு போனார்.

அதன் பிறகும் நான் மூன்று கிழமை பயணம் செய்தேன். ஒருரோ, பொட்டோசி, சூக்ரே. பொட்டோசியில் வெள்ளிச் சுரங்கத்துக்குள் காசு கொடுத்து நுழைந்து, இருமிக்கொண்டு வேலை செய்கிற மனிதர்களை வெளிச்சம் அடித்துப் படம் பிடித்துத் திரும்பும் பயணிகளை வாசலில் பார்த்தேன். நான் உள்ளே போகவில்லை. என் அறத்தைப் பற்றிய பெருமை ஒன்றும் எனக்கு அப்போது மிச்சமில்லை. அதனால் வாசலில் நின்று யாரோடும் சண்டையும் பிடிக்கவில்லை.

ஓகஸ்ட் நடுவில் டோர்ட்மண்டுக்குத் திரும்பினேன். பிராங்க்பேர்ட்டிலிருந்து வந்த ரயிலில் என் பதிவுசெய்த இருக்கையில் ஒருவர் இருந்தார். எண்ணைக் காட்டினேன், மன்னிப்புக் கேட்டு உடனே எழுந்தார். இங்கே யாரும் யாரையும் தரையில் உட்காரச் சொல்வதில்லை. இங்கே அதைக் கடிதத்தில் செய்வார்கள், கீழே "நட்பார்ந்த வணக்கங்களுடன்" என்று எழுதி. எது மேல் என்று என்னைக் கேட்டால், இரண்டும் கெட்டது என்றுதான் இன்றும் சொல்வேன். அந்த பஸ் நிறுவனத்துக்கு ஸ்பானிஷில் இரண்டு பக்கம் எழுதினேன். பதில் இல்லை. கொண்டக்டர் மேல் உள்ள கோபம் தணியவில்லை. விருந்தாளிக் கொள்கைக்காரர் மேல் உள்ளது கூடியிருக்கிறது. அதே வரிசையில் இப்போது என் பெயரும் இருக்கிறது.

அண்ணை கேட்டார். "எப்பிடி மலை?"

"பெரிசு" என்றேன்.

எனக்கு இப்போது ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை. பெப்ரவரியில் ஒருநாள் வேலை முடிந்து வந்தபோது பொலிவிய முத்திரையோடு ஓர் உறை கிடந்தது. கொப்பித்தாள் ஒன்றைக் கிழித்து, நேர்த்தியான ஆசிரியை எழுத்தில் ஹுஸ்தினா எழுதியிருந்தார். பள்ளிக்கூடத்தில் இருபத்துமூன்று பிள்ளைகள். கூரை ஒழுகுகிறது. மகளை மாதத்தில் ஒருமுறை பார்க்கிறார். அவள் வாசிக்கத் தொடங்கிவிட்டாளாம், பக்கத்தில் இருந்து கேட்கக் கிடைக்கவில்லை. பிறகு இப்படி இருந்தது:

"என் கோபம் இன்னும் போகவில்லை. மழை முடிந்ததும் வாருங்கள்."

அந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில் "ஆனால்" என்ற சொல் இல்லை. நான் தேடிப் பார்த்தேன்.